காம்பராவும் வீடும்



மலையகத் தோட்டமொன்றிலே ஒருவரை நோக்கி, "உங்கள் வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "மேட்டு லயம், ஐந்தாங் காம்பரா" என்று விடை வரும். வீடு என்னும் சொல்லை நம் முன்னோர் எத்துணை உயர்வாகக் கருதினர் என்பதை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அறம், பொருள், இன்பம் என்ற மூன்றையும் கடந்த நிலைக்கும் அவர்கள் அச்சொல்லையே வழங்கினர். அவ்வாறிருக்க, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே மலைச்சரிவில் பிறந்து, உழைத்து, மடிந்து வந்த மக்களின் நாவில் அந்தச் சொல்லின் இடத்தைப் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த காம்பரா பிடித்துக்கொண்டது ஏன்? அவர்கள் தமிழை மறந்தவர்கள் அல்லர். காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் இன்றளவும் காத்து வருபவர்கள் அவர்களே. தாம் வாழும் இடத்தைச் சட்டம் எவ்வாறு கருதுகிறதோ, அதற்குப் பொருத்தமான சொல்லையே அவர்கள் ஆளுகிறார்கள் என்பது என் கருத்து. அந்தச் சட்ட நிலையைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த இடத்தை அறியாதவர்களுக்காக அதன் அளவைச் சொல்லிவிடுகிறேன். பழைய லயக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது 120 சதுர அடி. முன்புறத்தில் ஒடுங்கிய இஸ்தோப்பு ஒன்று. மேலே தகரக் கூரை. பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே நிரையாக நிற்கும். இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டி மற்றொரு நிரையும் இருக்கும். அங்கே பின்கதவுக்கும் பின்சாளரத்துக்கும் வழியே இல்லை. இடைச்சுவர் கூரைவரை எழாத லயங்களும் பல. ஒரு காம்பராவில் கணவனும் மனைவியும் பேசுவது அடுத்த காம்பராவிலுள்ள மாமியாருக்குக் கேட்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கை இருக்கட்டும், ஓர் அடுப்பிலிருந்து எழும் தீ ஒரே கூரையின் கீழ் நிரை முழுவதையும் பற்றிக்கொள்வதற்கும் அதுவே காரணம். இந்த 120 சதுர அடிக்குள்தான் சமையலும், உறக்கமும், பிள்ளைப்பேறும், பிள்ளைகளின் படிப்பும், நோயாளியின் படுக்கையும். குடும்பம் பெருகியபோது இஸ்தோப்பை அடைத்து ஓர் அறையாக்கினார்கள்; பின்னே பலகையாலும் பழந்தகரத்தாலும் ஒரு குசினியைச் சேர்த்தார்கள்.

லயம் என்பது குதிரை கட்டும் இலாயத்தின் திரிபே என்று சிலர் மனக்கசப்போடு கூறுவதுண்டு. நிரை என்று பொருள்படும் லைன் என்ற ஆங்கிலச் சொல்லே லயன் என்றும் லயம் என்றும் ஆயிற்று. ஆயினும் அந்தக் கசப்பான விளக்கத்தில் ஓர் உண்மை இல்லாமலில்லை.

சிறிய இடத்தில் வாழ்வது தன்னளவில் இழிவன்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகச் சிறிய வீடுகளைத் தாமாகவே விரும்பிக் கட்டிக்கொண்டு வாழ்வோர் இன்று இருக்கின்றனர். சிலர் அவ்வீட்டைச் சக்கரங்களின் மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்கின்றனர். அமெரிக்காவில் வழங்கும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் 2018 ஆம் ஆண்டுப் பதிப்பிலே, 400 சதுர அடிக்கு மேற்படாத வீடுகளுக்கென்றே ஒரு பின்னிணைப்புச் சேர்க்கப்பட்டது. மாடிப்பரண் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், தீப்பற்றினால் எவ்வழியாக வெளியேற வேண்டும் என்பனவெல்லாம் அதில் வகுத்துரைக்கப்பட்டுள்ளன. அந்நாட்டிலே சிறுவீடு என்று சொல்லப்படுவதில் மூன்றில் ஒரு பங்குகூட நம் லயக் காம்பரா இல்லை. எனினும் அளவைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே சிறுவீட்டில் இருப்பவர் அந்த வீட்டுக்கு உடையவர். விற்கலாம், பூட்டிவிட்டுப் போகலாம், தம் மகளுக்குக் கொடுக்கலாம். இங்கே காம்பராவில் இருப்பவருக்கு அம்மூன்றில் ஒன்றும் இயலாது.

இந்நிலை வந்த வழியைச் சுருக்கமாகக் கூறுகிறேன். லயங்கள் கோப்பிக் காலத்தில் தோன்றியவை. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பின் ஊர் திரும்பும் கூலியாட்களுக்காக எழுந்தவை அவை. தங்குமிடம் என்பதற்கு மேல் அன்று எவரும் எண்ணவில்லை. 1869 ஆம் ஆண்டளவில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆட்கள் குடும்பத்தோடு நிலைத்தார்கள். பருவத்துக்கென்று கட்டிய கொட்டகையின் முறை மட்டும் மாறவில்லை. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் ஓரளவு சுகாதாரமாக வைத்திருக்கும் கடமையைத் தோட்டத் துரையின்மேல் சுமத்தியது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் வடிகால் வெட்டுவதும் துரையின் கடமையாயின. உள்ளே இருப்பவருக்கு உரிமை என்ன என்ற வினா எழவேயில்லை.

அவ்வினா எழுந்த இடம் நீதிமன்றம். லயத்தில் இருப்பவர் வாடகை கொடுப்பதில்லை. ஆகவே வாடகைக் குடியினருக்குச் சட்டம் அளிக்கும் காப்பு அவருக்கில்லை. வேலையின் பொருட்டு இடம் கொடுக்கப்பட்டவர் அவர். பத்துச்சீட்டு என்று வழங்கிய வேலைநீக்கச் சீட்டுக் கையில் விழுந்தால், வேலையோடு கூரையும் போயிற்று. அதன் பின்னரும் காம்பராவில் தங்கியிருப்பவர்மீது தண்டனைச் சட்டக் கோவையின் 427 ஆம் பிரிவின் கீழ், குற்றமுறையான அத்துமீறல் என்று வழக்குத் தொடுப்பது துரைமாரின் வழக்கமாயிருந்தது. இந்த அத்துமீறல் என்னும் சொல் தோட்டங்களில் பட்ட பாடு கொஞ்சமன்று. தொழிற்சங்கத்தார் லயத்துக்குள் கால் வைத்தாலும் அத்துமீறலே. கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று இன்றும் சொல்வார்களே, அதற்குக் காரணம் இதுதான்.

1946 ஆம் ஆண்டிலே கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில் பெருங் கிளர்ச்சியொன்று மூண்டது. கிராம விரிவாக்கத்துக்கென அரசாங்கம் அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. தொழிலாளர் வெளியேறவேண்டும் என்று அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் வெளியேறவில்லை. அவர்களுள் ஒருவரான செல்வநாயகம் என்பார்மீது தொடுக்கப்பட்ட அத்துமீறல் வழக்கு, நம் நாட்டு உயர் நீதிமன்றத்தையும் கடந்து, இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில்வரை சென்றது. மன்னர் எதிர் செல்வநாயகம் என்பது அவ்வழக்கின் பெயர். எண்ணிப் பாருங்கள்: ஒருபுறம் மகுடம், மறுபுறம் ஒரு லயக் காம்பராக்காரர். தமக்கு உரிமையுண்டு என்று உண்மையாகவே நம்பி ஒருவர் ஓரிடத்தில் தங்கியிருப்பாராயின், அந்த நம்பிக்கை சட்டப்படி பிழையானதாயினும், அதனால் மற்றவருக்குத் தொல்லை விளையும் என்று அவர் அறிந்திருந்தாராயினும், அதனாலேயே அவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். தொல்லை கொடுப்பதே அவருடைய தலையாய நோக்கமாக இருந்தது என்று காட்டப்படல் வேண்டும். பிரிவி கவுன்சில் கூறிய தீர்ப்பின் சாரம் இது. மகுடம் தோற்றது.

இத்தீர்ப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். தன் இருப்பிடத்தை விட மனமில்லாதவன் பிறரைத் துன்புறுத்த வந்தவன் அல்லன் என்ற எளிய மனித உண்மையைச் சட்டத்தின் உச்சிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது கொடுத்தது எவ்வளவு என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். அங்கே இருப்பவன் கள்வன் அல்லன் என்று சொல்லிற்று. உடையவன் என்று சொல்லவில்லை. குற்றவியல் வழி அடைபட்டாலும் குடியியல் வழக்கினால் வெளியேற்றும் வழி திறந்தே கிடந்தது. அத்தோடு, 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிவிட்டிருந்தது. நாடே இல்லை என்றான பின் வீட்டைப் பற்றி யார் கேட்பது? 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும், அதனைத் தொடர்ந்தவையும், இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் வந்து பிரசாவுரிமை முற்றுப்பெறும்வரை, வீட்டுரிமை பின்வரிசையிலேயே நின்றது.

வேலையோடு பிணைந்த கூரை ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்பதைப் பாடசாலையில் இருப்பவர்கள் நன்கறிவார்கள். தந்தை ஓய்வு பெறுகிறார், தாய் நோயாளி. தோட்டத்துப் பெயர்ப்பதிவில் அக்குடும்பத்தவர் ஒருவராவது இருந்தால்தான் காம்பராவைப் பற்றிய அச்சமின்றி இருக்கலாம். மூத்த மகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். எஞ்சியிருப்பவள் சாதாரண தரப் பரீட்சை எழுதிய மகள். பெறுபேறு வருமுன்னரே அவள் தலையில் கூடை ஏறிவிடுகிறது. கொழுந்தெடுப்பது தாழ்ந்த தொழில் என்று நான் கருதவில்லை. இந்நாட்டுக்குச் சோறு போட்ட தொழில் அது. ஆனால் ஒரு பெண் தன் தொழிலைத் தெரிந்தெடுப்பதற்கு முன் அவளுடைய குடும்பத்தின் கூரை அதைத் தெரிந்தெடுத்துவிடுகிறதே! மாணவர் இடைவிலகலுக்கு வறுமையையும் பெற்றோரின் அறியாமையையும் காரணமாக எழுதுகிற அறிக்கைகள் பல. அப்பட்டியலில் காம்பராவையும் சேர்த்து எழுதவேண்டும் என்பது என் துணிபு.

இனி, தோட்டங்களில் பரவலாக நிலவும் ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டும். "பத்து ஆண்டு இருந்தால் காணி நமக்குச் சொந்தம்" என்பது அது. நீண்டகால ஆட்சியினால் காணியுரிமை பெறுதலைப் பற்றிய 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு என்று கூறுவது மெய்யே. ஆனால் அந்தப் பத்தாண்டும் உடையவருக்கு எதிராக, இது என்னுடையது என்று ஆண்டிருக்க வேண்டும். ஒருவருடைய அனுமதியின்பேரில் உள்ளே வந்தவர் நூறாண்டு இருந்தாலும், அனுமதியோடு இருந்தவராகவே கருதப்படுவார். மேலும் அரச காணிக்கு எதிராக இவ்வுரிமை ஓடாது. அரச காணிகளின் உடைமையை மீளப்பெறுவதற்கான 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நீதவான் முன் நிறுத்தப்படுபவர் காட்டக்கூடியது, செல்லுபடியாகும் எழுத்துமூல அனுமதி ஒன்றே. பாட்டன் காலந்தொட்டு இருக்கிறோம் என்ற வரலாறு அங்கே செல்லாது.

துரையின் வாய்ச்சொல்லும் அவ்வாறே. "நீ கட்டிக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நல்லெண்ணத்தோடு சொன்ன துரைமார் பலர் உண்டு. அவரை நம்பிக் கல்லும் சீமெந்தும் சுமந்து அறை கட்டியவர்களும் பலர். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியைக் கைமாற்றும் எதுவும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு முடிக்கப்படல் வேண்டும். துரை மாற்றலாகிப் போய்விட்டால் அவருடைய சொல்லும் அவரோடு போய்விடும்.

அன்றியும், துரையோ கம்பனியோ கொடுக்க எண்ணினாலும் நிலம் அவர்களுடையதன்று. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975 ஆம் ஆண்டுத் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அவற்றை நடத்தின. 1992 ஆம் ஆண்டில் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போயிற்று. பின்னர் அவ்வாண்டிலிருந்தே கணக்கிட்டு 53 ஆண்டுக் குத்தகை அளிக்கப்பட்டது. அக்குத்தகை 2045 இல் முடியும். ஆகவே ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் கொடுக்கவேண்டுமாயினும், குத்தகைக்காரர் விடவேண்டும், அரசு விடுவிக்கவேண்டும், நில அளவையாளர் அளக்கவேண்டும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண் உறுதியானது என்று சொல்லவேண்டும். வீட்டை எழுப்ப எடுக்கும் காலத்தைவிட உறுதிக்கு எடுக்கும் காலம் நீண்டுபோவதன் காரணம் இதுவே. காரணம் இது என்றேன். நியாயம் இது என்று சொல்லவில்லை.

ஏழு பேர்ச் என்ற திட்டம் 2015 இல் நடைமுறைக்கு வந்தது. வடபகுதி நேயர்களுக்குப் பரப்புக் கணக்கில் சொன்னால், ஒரு பரப்பிலும் குறைவு. சதுர அடியில் ஏறத்தாழ 1,900. இந்திய அரசின் உதவியோடு மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் உறுதியளிக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 550 சதுர அடி. இரு படுக்கையறை, கூடம், குசினி, மலகூடம். 120 சதுர அடியிலிருந்து வருபவருக்கு அது மாளிகையே. நான்கு புறமும் சுவரும் நான்கு புறமும் வெளியும் உடைய தனிவீடு என்பது வேறு ஓர் இன்பம்.

ஆயினும் புதிய வீட்டின் திறப்பைப் பெற்றுக்கொள்பவர் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. கையிலே கொடுக்கப்படும் தாள் உறுதியா, அன்றி உறுதி தரப்படும் என்ற கடிதமா? விழா மேடையில் கிடைக்கும் எல்லாத் தாளும் உறுதி ஆகிவிடுவதில்லை. நில அளவைப் படத்தின் இலக்கமும் நான்கு எல்லைகளும் அதிலே இருக்கின்றனவா, காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பிரதான பாதையிலிருந்து வாசல்வரை வரும் வழி யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டப் பாதையே வழியாயின் அவ்வழியுரிமை எழுத்தில் இருப்பது நன்று. உறுதியில் மனைவியின் பெயர் இருக்கிறதா? தோட்டத்தில் கூடுதலாக உழைப்பவள் பெண். தாளிலே குடும்பத்தலைவர் என்று ஆணின் பெயரை மட்டும் எழுதிவிடுவது நம்மவர் வழக்கம். முந்திய வீட்டுக் கடன் திட்டங்களில், சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழித்துக் கடனை முற்றாக அடைத்த பின்னரும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பார்களாக.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்று ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. எச்சரித்தவர் கடமை முடிந்தது. ஆனால் காம்பராவை விட்டால் போக இடமில்லாதவர் எங்கே போவார்? 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோதும் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைச்சரிவுகள் பெருகின. உறுதியுடையவனின் வீடு இடிந்தால், இழந்தது இன்னது என்று எழுதிக்கொடுக்க ஒரு தாள் உண்டு. லயம் இடிந்தால், இழந்தது கம்பனியின் கட்டடம். உள்ளிருந்த குடும்பம் இழந்தது பாத்திரமும் துணியுமே என்றாகிவிடுகிறது, கணக்கிலே.

உறுதியோடு முகவரியும் வரவேண்டும். லயத்துக்கு வரும் கடிதம் நெடுங்காலமாகத் தோட்டத்துக் காரியாலயத்துக்கே வந்து, அங்கிருந்து ஆள்வழி போய்ச் சேர்வது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கடந்து கையில் கிடைத்த கதைகள் தோட்டந்தோறும் உண்டு. பிரதேச சபையும் அண்மைக்காலம்வரை தோட்டத்துக்கு அயலாகவே இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலே, தோட்டக் குடியிருப்புக்குச் சபை செலவிடுவதற்குத் தடையாயிருந்த 33 ஆம் பிரிவு 2018 இல்தான் திருத்தப்பட்டது. வாக்குக் கொடுத்து உறுப்பினரை அனுப்பலாம். தங்கள் லயத்துப் பாதைக்கு ஒரு கல்லும் கேட்க முடியாது என்பதே அதுவரை நிலை. அதே 2018 இல் 32 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் அமைந்தது. புதிய குடியிருப்புகளில் பாதைக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் இட்டு, அவற்றைத் தபாலகத்திலும் கிராம அலுவலரிடமும் பதிவித்துக்கொள்வது ஊராரின் முதல் வேலையாக இருக்கவேண்டும்.

புதிய வீடு இன்னும் எட்டாதவர்களே மிகுதி. அவர்கள் செய்யக்கூடியது சிறிது உண்டு. கூரைத்தகரம் ஒழுகினாலும், சுவர் பிளந்தாலும், மேலேயுள்ள மேடு வெடித்தாலும், வாயால் முறையிடுவதோடு நின்றுவிடாது, திகதியிட்டு நிருவாகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மேடு வெடித்ததாயின் கிராம அலுவலருக்கும் அதனை அனுப்புதல் வேண்டும். கடிதம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுக்க ஒவ்வொரு லயத்திலும் இன்று ஒரு மாணவனோ மாணவியோ இருக்கிறார். கடிதத்தின் பிரதியொன்றை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடும் சம்பளச் சீட்டுகளோடும் சேர்த்து, ஒழுக்கு விழாத ஓரிடத்தில் வைத்துக்கொள்ளட்டும்.